எதிராளி சட்டையில் நம்ம ஆள்

கேள்வி இதுதான்: பத்துப் பன்னிரண்டு வருடம் நம் காற்பந்துக் குழுவுக்கு ஆடிய ஒருவர், முப்பது வயதைத் தாண்டியபிறகு எதிர்க்குழுவில் போய்ச் சேருகிறார். திட்டவும் வாய் வரவில்லை, வாழ்த்தவும் மனம் வரவில்லை. ஏன் இப்படி? அதுவும் லண்டனிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சிங்கப்பூரில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு?

நான் லண்டன் குழுவான செல்சியின் ரசிகன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலைப்பட்சம் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. அக்கா மகன் அதே லண்டனின் ஆர்சனல். அவன் அப்பா, அதாவது அத்தான், மான்செஸ்டர் யுனைடெட். தீபாவளிக்கு மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த விஷயத்தில் என் அனுபவமெல்லாம் அந்த மேசையில் வந்ததுதான்.

எனக்குத் தெரிந்த பதில்: பாதிக் கோபம் போனவர் மேலேயே இல்லை. 'இவர் காலம் முடிந்தது' என்று கணக்குப் பார்த்து அனுப்பிய நம் குழுவின் மேல்தான். ஆனால் குழுவைத் திட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை யாருக்காக விழித்திருப்பது? அதனால் போனவர் தலையில் கொட்டுகிறோம். கொட்டும்போதே அவர் பாவம் என்றும் தெரிகிறது.

என் கதை கோல்காப்பாளர் பீட்டர் செக். 2004இல் பிரான்சின் ரென் குழுவிலிருந்து செல்சிக்கு வந்தார். 11 ஆண்டு, 494 ஆட்டம், 4 லீக் பட்டம். 2006 அக்டோபரில் ரெடிங் குழுவுடன் நடந்த ஆட்டத்தில் மண்டை ஓடு உடைந்து, அதற்குப் பிறகு கடைசிவரை தலைக்கவசத்தோடு ஆடியவர். ஐரோப்பியக் குழுக்களின் உச்சக் கிண்ணமான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதி ஆட்டம் மியூனிக்கில், பயர்ன் மியூனிக்கின் சொந்த அரங்கிலேயே நடந்தது. கூடுதல் நேரத்தில் பயர்ன் ஆட்டக்காரர் ரோபனின் பெனால்டியை செக் தடுத்தார். பெனால்டிகளில் முடிவானபோதும் அவர் கைதான் கிண்ணத்தை எங்களுக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் அது ஞாயிறு விடியற்காலை. சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவரை 2014இல் கூர்ட்வா என்ற இளம் கோல்காப்பாளர் வந்ததும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் பொறுத்தார். 2015 ஜூனில் ஆர்சனலுக்குப் போனார், விலை ஏறக்குறைய 10 மில்லியன் பவுண்டு. பயிற்றுநர் மொரின்யோவுக்கு அவரை எதிராளிக்குக் கொடுக்க விருப்பமில்லை. முதலாளி அப்ரமோவிச்தான், இத்தனை வருடம் உழைத்தவர் எங்கே போக விரும்புகிறாரோ அங்கே போகட்டும் என்று விட்டார். செக்கின் குடும்பம் லண்டனில் வேரூன்றிவிட்டது, ஊர் மாற அவருக்கு விருப்பமில்லை. இதை நாம் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வது? ஜூரோங்கில் வேலையை விட்டுவிட்டு சாங்கியில் சேர்ந்தால் வீட்டையா மாற்றுகிறோம்? எம்ஆர்டியில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

செக் ஒருவரே ஆர்சனலுக்கு ஒரு பருவத்தில் 12, 15 புள்ளிகள் சேர்த்துத் தருவார் என்று எங்கள் அணித் தலைவர் ஜான் டெரி சொன்னார். அதைப் படித்த அன்று எனக்கு வந்த எரிச்சல் செக் மேல் இல்லை. அது தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்றுதான்.

இதில் சிங்கப்பூருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ஆர்சனல் சட்டையில் செக் முதன்முதலாக ஆடியது நம் காலாங்கில். 2015 ஜூலை 18, சனிக்கிழமை, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். புதிய தேசிய விளையாட்டரங்கில் ஆசியக் கிண்ணத் தொடர் ஒன்றின் இறுதி ஆட்டம், எதிரே எவர்ட்டன். அக்கா மகனுக்கு அப்போது பதினைந்து வயது. என்னைத்தான் கூட்டிப்போகச் சொன்னான். "மாமா, செல்சி நீலத்தைப் போட்டுக்கிட்டு வந்துடாதீங்க" என்று முதல் நாளே எச்சரிக்கை. சாம்பல் நிற டிசட்டை போட்டுக்கொண்டு போனேன். ஸ்டேடியம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எங்கு பார்த்தாலும் ஆர்சனல் சிவப்பு. அவன் முதுகில் 33 என்ற எண், மேலே செக் பெயர். அதை வாங்கித் தந்தது யார் என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் தொடங்குமுன் கோல்காப்பாளர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். அந்தத் தலைக்கவசத்தைக் கூட்டத்தின் மேல் வரிசையிலிருந்தும் அடையாளம் தெரிந்தது. அரங்கமே கைதட்டியது. என் கையும் தட்டியது. சட்டையின் நெஞ்சில் ஆர்சனலின் பீரங்கிச் சின்னத்தைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி தட்டியது. அக்கா மகன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கைதட்டலை நடுவில் நிறுத்தித் தொடங்கியவன் அன்று அந்த அரங்கில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். ஆர்சனல் 3-1.

இரண்டு வாரம் கழித்து லண்டன் வெம்பிளி அரங்கில் பருவத் தொடக்கக் கிண்ணமான கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டம். செல்சி ஆர்சனலிடம் 0-1 எனத் தோற்றது, செக் ஒரு கோலும் விடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஆகஸ்ட் 9, சிங்கப்பூருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அன்று ஆர்சனல் தன் முதல் லீக் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமிடம் 0-2 எனத் தோற்றது, கோல்களில் செக்கின் தவறு அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு முதலில் ஒரு அற்பச் சந்தோஷம். பார்த்தாயா, நாங்கள் அனுப்பியது சரிதான் என்று. அரை மணி நேரத்தில் அது வெட்கமாகிவிட்டது. ரோபனின் பெனால்டியைத் தடுத்த அதே கைகள் தடுமாறியதில் எனக்கு என்ன சந்தோஷம்?

ஆக, மனம் கேட்பது நடக்கவே முடியாத ஒன்று. அவர் பிரமாதமாக ஆட வேண்டும், ஆனால் அவர் குழு தோற்க வேண்டும். தாக்குதல் ஆட்டக்காரராக இருந்தால் இரண்டு கோல் போட்டும் 2-3 எனத் தோற்கலாம். கோல்காப்பாளருக்கு அந்த வசதிகூட இல்லை. அந்தப் பருவத்தில் செக் 16 ஆட்டங்களில் கோலே விடாமல், அதற்கான தங்கக் கையுறை விருதை வாங்கினார், ஆர்சனல் இரண்டாம் இடம். நாங்கள்? பத்தாம் இடம். மொரின்யோ டிசம்பரிலேயே வெளியே.

சரி, குழுக்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? இது பணக் கணக்கு, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டியவரை மறுபடி விற்றால் காசு கிடைக்காது. சம்பளமோ உச்சத்தில் இருக்கும். அதனால் செல்சி அந்தக் காலத்தில் முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் தருவது வழக்கம். வேறு குழு இரண்டு, மூன்று வருடம் தருகிறேன் என்றால் யார்தான் போகமாட்டார்? 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர் காசில்லாமல் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இத்தாலியின் ஏசி மிலான் 2011இல் ஆட்டக்காரர் பிர்லோவை அப்படித்தான் விட்டது. வயது 32. எதிராளி யுவென்டஸ் சும்மா வாங்கிக்கொண்டது, அவர் ஆடிய நான்கு வருடமும் லீக் பட்டம். மிலான் ரசிகர்கள் யார்மேல் கோபப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

என் சோதனை ஒன்று இருக்கிறது. யார் கதவைத் திறந்தது என்று பாருங்கள். குழு திறந்து விட்டதென்றால் மன்னிப்பு சீக்கிரம் வரும். அவரே திறந்துகொண்டு போனாரென்றால் வராது.

ஃபிராங்க் லம்பார்டை எடுத்துக்கொள்ளுங்கள். செல்சிக்கு 13 ஆண்டு, 211 கோல், குழுவின் வரலாற்றில் அதிக கோல் அவருடையது. 2014இல் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நியூயார்க் குழுவுக்குப் போகிறார் என்றார்கள், போகும் வழியில் மான்செஸ்டர் சிட்டியில் இறங்கிவிட்டார். (நியூயார்க் குழு கொஞ்ச நாளைக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்று முதலில் சொன்னார்கள், பிறகு அது கடனே இல்லை என்று தெரியவந்தது. உண்மையான ஆத்திரம் நியூயார்க் ரசிகர்களுக்குத்தான்.) செப்டம்பர் 21, ஞாயிறு, நம் நேரத்துக்கு இரவு 11 மணி ஆட்டம். ஈசூனில் எங்கள் புளோக் கீழே உள்ள காப்பிக்கடையில் நானும் அத்தானும். சிட்டியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயிருந்தார். எங்கள் ஷுர்லே கோல் போட்டு நாங்கள் முன்னிலை. 78ஆவது நிமிடம் லம்பார்ட் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார், வெளிர் நீலச் சட்டையில். செல்சி ரசிகர்கள் அவர் பெயரைப் பாடினார்கள். 85ஆவது நிமிடம், மில்னர் தட்டிவிட்ட பந்தை உள்ளே போட்டார்.

அவர் கொண்டாடவில்லை. முகத்தைப் பார்த்தால் ஏதோ பொருளை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி நின்றார். யுனைடெட்காரரான அத்தானுக்கு இரண்டு பேருமே தோற்றால்தான் திருப்தி. அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நள்ளிரவு தாண்டி, ஆறிப்போன தே தாரிக்கோடு, முன்னிலை பறிபோன நேரத்தில் ஏன் சிரித்தேன் என்றால், எத்தனை வருடம் அந்தக் கோலை நான் பார்த்திருக்கிறேன்! பெனால்டிப் பெட்டிக்குள் தாமதமாக ஓடி வந்து, நிதானமாக, வலப்பக்கக் காலால். அது எங்கள் கோல். தப்பான கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

யுனைடெட்டின் பழைய ஆட்டக்காரர் டெனிஸ் லா கதையை அத்தான் சொல்லித்தான் கேட்டேன். யுனைடெட் 1973இல் அவரைக் காசில்லாமல் வெளியே விட்டது. அதே ஊர் எதிராளி சிட்டிக்குப் போனார். 1974 ஏப்ரல் 27, யுனைடெட்டின் அரங்கான ஓல்ட் டிராஃபர்டில் குதிகாலால் தட்டி ஒரு கோல். யுனைடெட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய நாள் அது. மற்ற ஆட்டங்களின் முடிவால் அந்தக் கோல் இல்லாவிட்டாலும் இறங்கித்தான் இருக்கும். ஆனால் லா தலை கவிழ்ந்து நின்றார், உடனே அவரை மாற்றிவிட்டார்கள். இன்று அதே ஓல்ட் டிராஃபர்டின் வாசலில் சக ஆட்டக்காரர்கள் பெஸ்ட், சார்ல்ட்டனோடு அவருக்கும் சிலை. நம்மைக் குதிகாலால் தட்டியவருக்கு நம் வாசலிலேயே சிலை வைக்க முடிகிறது என்றால், கோபம் வேறெங்கோ இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மைக்கல் ஓவன் நேர்மாறு. லிவர்பூலில் வளர்ந்தவர், 158 கோல். 2004இல் அவராக ரியால் மட்ரிட்டுக்குப் போனார், பிறகு நியூகாசல், 2009இல் ஒரேயடியாக லிவர்பூலின் பரம எதிரியான யுனைடெட். லிவர்பூல்காரர்கள் இன்றுவரை முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எனக்குச் சுவாரசியம் வாங்கிய பக்கம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிராளியின் பழைய ஆளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தால் நமக்கும் கூச்சம்தான். ஓவனுக்கு 7ஆம் எண் சட்டையைக் கொடுத்தபோது அத்தான் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தே போனார். ரொனால்டோ போட்டிருந்த எண், அதற்கு முன் பெக்கம், கண்டோனா. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பெயரையே சொல்லமாட்டார், "அந்த ஆள்" என்பார். செப்டம்பர் 20 சிட்டியோடு ஆட்டம், 3-3 என்றிருந்தபோது 96ஆவது நிமிடத்தில் அந்த ஆள் கோல் போட்டார். அத்தான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த நாளிலிருந்து "மைக்கல்" ஆகிவிட்டார்.

ஆர்சனல்காரர்களுக்கு இது இன்னும் சங்கடம். செக், டேவிட் லூயிஸ், வில்லியன், ஜோர்ஜினியோ என்று செல்சியிலிருந்து வரிசையாக. "நாம என்ன முதியோர் இல்லமா நடத்துறோம்?" என்று அக்கா மகன் 2020இல் வில்லியன் வந்தபோது கேட்டான். 32 வயது, மூன்று வருட ஒப்பந்தம். ஒரே வருடத்தில் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த ஒருவர் விஷயத்தில் எனக்குக் கலப்பு உணர்ச்சி எதுவும் இல்லை, நன்றாகத் தூங்கினேன்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. நமக்கு ஏன்?

அங்கே ஒருவருக்குக் குழு என்பது பிறந்த ஊர், அப்பா கூட்டிப்போன திடல். இங்கே நாம் பெரும்பாலும் ஓர் ஆட்டக்காரரைப் பிடித்துக்கொண்டுதான் குழுவுக்குள் நுழைகிறோம். என்னைச் செல்சிக்குள் கூட்டிவந்தவர் இத்தாலிய ஆட்டக்காரர் ஜோலா. செல்சியின் அரங்கான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் லண்டனில் எந்தப் பக்கம் என்றுகூட அப்போது தெரியாது. அவர் 2003இல் கிளம்பித் தன் சொந்தத் தீவான சார்டினியாவின் காலியாரி குழுவுக்கு ஆடப் போனார். அழுகை வந்தது, கோபம் வரவில்லை. வேலை ஓய்வு பெற்று ஊருக்குப் போன மாதிரி. குழுவைவிட ஆளை முதலில் நேசித்தவனுக்கு, ஆளும் குழுவும் எதிரெதிரே நிற்பது அங்கிருப்பவரைவிட ஒரு பங்கு கூடுதல் குழப்பம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, நம் கூச்சல் அந்த ஆட்டக்காரர் காதில் விழப்போவதில்லை. அது திரும்பி வந்து விழுவதெல்லாம் மச்சான் மேல், பக்கத்து மேசை சக ஊழியர் மேல். 2014இல் என் 8ஆம் எண் லம்பார்ட் சட்டையைத் துவைத்து மூங்கில் கழியில் போட்டு சமையலறை சன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள் என் மனைவி. பெயர் எதிர் புளோக்கைப் பார்த்தபடி. எதிர் புளோக்கில் ஒரு சிட்டி ரசிகர் இருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "அண்ணே, நம்ம பக்கம் வந்துட்டீங்களா!" என்று அங்கிருந்தே கத்தினார். இப்போது கீழே பார்த்தால் பேசிக்கொள்கிறோம்.

நம் ஊர்க் காற்பந்திலும் இது நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் இங்கிலாந்தையே பேசுவது நியாயமில்லை. அலெக்சாண்டர் டூரிச். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகப் படகு வலித்தவர், 1999இல் தஞ்சோங் பகார் குழுவுக்கு ஆட வந்தார். சிங்கப்பூர் ஆயுதப்படைக் குழு 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம் வென்றதில் முக்கியப் பங்கு அவருடையது. 2010இல் போய்ச் சேர்ந்தது தெம்பனிஸ் ரோவர்ஸில். 2004, 2005 பட்டங்களை வென்றிருந்த நேரடிப் போட்டியாளர்கள். வயது 39. முடிந்துவிட்டார் என்று நினைத்தவர்களுக்கு 2011, 2012, 2013 மூன்று பட்டங்களால் பதில் சொன்னார். 44 வயதில், 2014இல் ஓய்வு. அந்த வருடப் பட்டம் அவருடைய பழைய குழுவுக்கு. அதற்குள் பெயர் வாரியர்ஸ் ஆகியிருந்தது.

நம் லீக் அரங்குகளில் கூட்டம் குறைவு. திட்டினால் அவருக்கே கேட்கும். மறுநாள் ஃபேர்பிரைஸில் தக்காளி பொறுக்கும்போது அவர் பக்கத்தில் நின்றாலும் நிற்கலாம். அதைவிட, 2007இல் குடியுரிமை பெற்று 37 வயதில் தேசியக் குழுவுக்கு ஆடத் தொடங்கியவர் அவர். சனிக்கிழமை நம்மை எதிர்த்துக் கோல் போடுபவர் செவ்வாய்க்கிழமை சிவப்புச் சட்டையில் நமக்காகப் போடுகிறார். முழு மூச்சாக வெறுக்க வாரத்தில் நாளே கிடைக்காது.

சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதுவின் கதை இன்னும் பழையது. கோலாலம்பூர், பகாங் என்று மலேசியக் குழுக்களுக்கு ஆடினார். 1992இல் பகாங்கோடு லீக்கும் மலேசியக் கிண்ணமும் வென்றார். சிங்கப்பூரும் அதே கிண்ணத்துக்குத்தான் போராடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு அது தாங்காது. "போகட்டும், நம்ம பையன்தானே" என்பார். ஐந்து நிமிடம் கழித்து, "ஆனா அந்தக் கோல இங்க போட்டிருக்கலாம்" என்பார். 1994 டிசம்பர் 17, மலேசியாவின் ஷா ஆலமில் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். சித்தப்பா பேருந்து பிடித்துப் போய்விட்டார், நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால். சிங்கப்பூர் 4, பகாங் 0. அப்பாஸ் சாட் மூன்று கோல். கிண்ணத்தைத் தூக்கியவர் அணித் தலைவர் ஃபாண்டி, 32 வயது, இரண்டே வருடத்துக்கு முன் இதே கிண்ணத்தைப் பகாங்குக்கு வென்று தந்தவர். எங்கள் புளோக்கில் சட்டி பானை தட்டினார்கள். பகாங்கில் அன்றிரவு எவனோ ஒருவன் என் காலாங் கைதட்டலைப் போல ஒன்றைத் தட்டி நிறுத்தியிருப்பான் என்று எனக்குத் தோன்ற இருபது வருடம் ஆனது.

செக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணமான யூரோப்பா லீக்கின் 2019 இறுதி ஆட்டம், அசர்பைஜானின் பாக்கு நகரில், செல்சியும் ஆர்சனலும். செக் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். ஓய்வுக்குப் பிறகு அவர் செல்சிக்கே ஒரு பதவியில் திரும்பப்போகிறார் என்று அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. நம் நேரத்துக்கு வியாழன் விடியற்காலை 3 மணி. அக்கா மகன் என் வீட்டுக்கே வந்துவிட்டான், தேசிய சேவையில் தலை மழித்திருந்தான், அந்த 33ஆம் எண் சட்டையோடு. முதல் கோலை ஜிரூ தலையால் முட்டினார். அவர் ஆர்சனலிலிருந்து எங்களிடம் வந்தவர், கோல் போட்டுவிட்டுக் கைகூப்பாத குறை. 4-1. கடைசியில் செக் தனியாக நடந்துபோனபோது நான் எதுவும் பேசவில்லை.

"இவர் இன்னைக்கு யாருக்கு ஆடினார், மாமா?" என்றான். நன்றாகத்தான் ஆடினார், இரண்டு மூன்று பந்தைத் தடுத்தார் என்றேன். தெரியும் என்றான். பிறகு சட்டையைக் கழற்றி சோபா மேல் போட்டான். "இனிமே இது உங்க கட்சி. நீங்களே வச்சுக்கோங்க."

விடிந்ததும் ரொட்டி பிராட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்தேன். நடுத்தர அளவு. தோளுக்குக் கீழே இறங்கவில்லை.